அழகுக்காக மேனியை அறுக்கலாமா?



நம் சங்கத்து ஏட்டில் ஜகாத்துக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு, பள்ளிவாசல் மராமத்து, கடை வாடகை ஆகியவற்றைப் பற்றிப் படித்துப் பழகியவர்கள் இக்கட்டுரையின் விஷயத்தைக் கண்டதும் சற்றே முகஞ் சுளிக்கக்கூடும். பெண்களின் மார்பகம் தளர்ந்துவிட்டால் அதை ரண சிகிச்சையால் நிமிர்த்திக் கொள்ளலாமா, அப்படிச் செய்து கொள்ளுமுன் எவற்றையெல்லாம் அறிந்திருக்க வேண்டும் என்பதே விஷயம். இதை நாலு பேர் படிக்கும் ஏட்டில் எழுதலாமா என்று கேட்டால், எழுதத்தான் வேண்டும் என்பேன். மார்க்கத்தை அறிந்து கொள்ள வெட்கம் தங்களுக்குத் தடையாக இராதபடி பார்த்துக் கொண்டார்கள் என்று அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருப்பதை நாம் அறிவோம். நாம் வெட்கப்பட்டு வாய் மூடியிருக்கிறோம். நம் வீட்டுப் பெண்களோ கைத்தொலைபேசியில் வரும் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டும் நிலைக்கு வந்துவிட்டார்கள். வாய் மூடியிருப்பதால் யாருக்கு லாபம்?

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் எனக்குத் தம்பி முறையாகும் ஓர் இளம் வியாபாரி என் கடைக்கு வந்தார். கல்லாப் பக்கம் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "நானா, உங்களிடம் ஒரு யோசனை கேட்கணும். வீட்டிலே அந்த மாதிரி ஆபரேஷன் ஒண்ணு செஞ்சுக்கப் பிரியப்படுறா. பல்லாயிரம் வெள்ளி ஆகுமாம். இந்த மாதம் பணம் கட்டினால் கழிவு உண்டுன்னு சொல்றாங்க. செய்யலாமா?" என்று கேட்டார். மூன்று பிள்ளைகளுக்குத் தாயானவள் அந்தப் பெண். மூன்று பேருக்கும் பால் கொடுத்து வளர்த்தவள்.

"கழிவு" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. மாதக் கடைசியில் சரக்கைத் தள்ளிவிடுவதற்காக நாம் செய்கின்ற தந்திரமல்லவா அது! நான் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "தம்பி, இந்த ஆசை முதலில் யாருக்கு வந்தது? அவளுக்கா, உனக்கா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மேசை மேல் கிடந்த ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக் கொண்டிருந்தார்.

அந்த மௌனத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் சரக்கைப் பற்றித் தெரிந்து கொள்வோம். ஒரு மூட்டை மிளகு வாங்குவதானாலும் கையை உள்ளே விட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறோம். உடம்பின் மேல் கத்தி வைக்கும் காரியத்தில் அதற்குக் குறைந்த எச்சரிக்கை போதுமா?

தளர்வு ஏன் வருகிறது?

மார்பகத்தினுள்ளே தசை கிடையாது. பால் சுரப்பிகளும் கொழுப்பும் மெல்லிய நார்களும் கொண்டது அது. நெஞ்சுத் தசையோ அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த நார்களைப் பற்றி லண்டன் நகரத்து ரண சிகிச்சை நிபுணர் ஆஸ்ட்லி கூப்பர் 1840இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். இன்றளவும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. மேலே இருக்கும் தோலும் உள்ளே இருக்கும் இந்த நார்களுமே மார்பகத்தைத் தாங்கி நிற்பவை. வயது ஏற ஏற இரண்டும் தளரும். கர்ப்பத்தில் பருத்துப் பிறகு சுருங்கும்போதும், உடல் பெருத்து இளைக்கும்போதும் தோல் முன்போல் சுருங்கி வருவதில்லை.

இங்கே ஒரு தப்பெண்ணத்தை நீக்க வேண்டும். "பிள்ளைக்குப் பால் கொடுத்ததனால்தான் இப்படி ஆயிற்று" என்று நம் பெண்களிற் பலர் நம்புகிறார்கள். அதற்குப் பயந்து சீக்கிரமே பால் மறக்கச் செய்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் கெண்டக்கிப் பல்கலைக்கழகத்து டாக்டர்கள் 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பால் கொடுப்பதனால் தளர்வு கூடுவதாகத் தெரியவில்லை. வயது, எத்தனை முறை கர்ப்பமுற்றார் என்பது, உடற்பருமன், மார்பகத்தின் முந்திய அளவு, புகைபிடிக்கும் பழக்கம் ஆகியவையே காரணமாகத் தெரிந்தன. பாலூட்டலை நிறைவு செய்ய நாடுவோருக்கு ஈராண்டு என்று திருமறை வகுத்துத் தந்திருக்கிறது. அந்தக் கடமையை நிறைவேற்றிய தாய், அதனால் தன் மேனியைக் கெடுத்துக் கொண்டோம் என்று கலங்க வேண்டியதில்லை.

கத்தி செய்வதும் செய்யாததும்

இந்தச் சிகிச்சையில் உபரியான தோலை அறுத்தெடுத்துவிட்டு, உள்ளிருக்கும் சதையைத் திரட்டி உருவமைத்து, காம்பை மேலே உயர்த்தி வைத்துத் தைக்கிறார்கள். பெரும்பாலும் முழு மயக்க மருந்து கொடுத்தே செய்யப்படுகிறது. தளர்வு சொற்பமானால் காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தைச் சுற்றி மட்டும் அறுப்பார்கள். அதற்கு மேற்பட்டால் வட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடும் சேரும். மிகுதியானால் அடிமடிப்பை ஒட்டிக் குறுக்கே இன்னொரு கோடும் சேர்ந்து, நங்கூரம்போல் தழும்பு அமையும்.

தழும்பு என்பது இந்த வியாபாரத்தில் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய விலை. அது ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் மங்கும், மறைந்து போகாது. நம்மைப் போன்ற கருமை நிறத்தவருக்குத் தழும்பு தடித்துப் புடைத்துக் கொள்ளும் வாய்ப்பு வெள்ளையரைவிட அதிகம். காது குத்திய இடத்திலோ அம்மை குத்திய இடத்திலோ புடைத்த தழும்பு ஏற்பட்டவர்கள் இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அன்றியும், இச்சிகிச்சை மார்பகத்தைப் பெரிதாக்குவதில்லை. உருவத்தையும் இருப்பிடத்தையும் மட்டுமே மாற்றுகிறது. பெரிதாக்க வேண்டுமானால் உள்ளே செயற்கைப் பை வைக்க வேண்டும். அதுவோ ஆயுள் முழுமைக்கும் நிற்கும் பொருளன்று; பின்னாளில் எடுக்கவோ மாற்றவோ நேரிடும்.

பலன் நிரந்தரமா என்றால், அதுவுமில்லை. அறுத்தெடுத்த தோல் திரும்பி வராது. ஆனால் மிஞ்சிய தோலுக்கும் வயதாகும். மறுபடி கர்ப்பமுற்றாலோ, உடல் பெருத்து இளைத்தாலோ செய்த வேலை குலையும். ஆகவேதான் இனிப் பிள்ளைப்பேறு வேண்டாம் என்ற முடிவுக்கு வந்து, உடல் எடையும் ஒரு நிலைக்கு வந்த பிறகே இதைச் செய்வது உசிதம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சிகிச்சைக்குப் பின் பால் கொடுக்க முடிகிறவர்களும் உண்டு; சுரப்பு குறைந்து போகிறவர்களும் உண்டு. முன்கூட்டி யாரும் உறுதி கூற முடியாது.

இனி ஆபத்துகள். இரத்தம் உள்ளே கட்டிக் கொள்ளலாம், புண்ணில் சீழ் பிடிக்கலாம், தையல் பிரியலாம், இரு பக்கமும் ஒரே சீராக அமையாமற் போகலாம், காம்பில் உணர்ச்சி சிறிது காலமோ நிரந்தரமாகவோ மரத்துப் போகலாம். மிக அரிதாக, இரத்த ஓட்டம் நின்று காம்பே அழிந்து போவதும் உண்டு. மயக்க மருந்துக்குரிய அபாயம் தனி. புகைபிடிப்பவருக்கும் நீரிழிவு அடங்காதவருக்கும் புண் ஆறுவது கஷ்டம். 2019இல் மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது; இந்திய வம்சத்தவரிடையே அது இன்னும் அதிகம். எனவே சர்க்கரையைச் சோதிக்காமல் நம்மவர் எவரும் ரண சிகிச்சைக்குப் போகலாகாது. வயதுக்கும் குடும்ப நோய் வரலாற்றுக்கும் ஏற்ப, மார்பகத்தில் கட்டி எதுவும் இல்லை என்பதைப் படம் பிடித்தும் பார்த்துவிட வேண்டும். ஆஸ்பிரின் போன்ற மருந்துகளையும், நம்மவர் சாப்பிடும் நாட்டு மருந்து, ஜாமு, சத்து மாத்திரை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்; சில இரத்தப் போக்கை அதிகப்படுத்தக் கூடியவை.

வீடு திரும்பிய பின், இலேசான வேலைக்கு ஓரிரு வாரம் ஆகும். பல வாரங்கள் தாங்கும் உள்ளாடை அணிய வேண்டும். ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரம் பாரம் தூக்கலாகாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்தக் குழந்தையைத் தூக்குவது யார்? சோறு ஆக்குவது யார்? பணத்தை எண்ணி வைக்கும் கணவன் இதையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

யார் கையில் கத்தி?

"பிளாஸ்டிக் சர்ஜரி" என்றதும் பிளாஸ்டிக்கை வைத்துத் தைக்கிறார்கள் என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். அச்சொல் உருவமைத்தல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இது தனியே பல ஆண்டு பயின்று தேற வேண்டிய துறை. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களைக் கண்டு மயங்க வேண்டாம். மலேசியாவில் தேசிய நிபுணர் பதிவேட்டிலும், சிங்கப்பூரில் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டிலும் இன்னார் இன்ன துறையில் நிபுணர் என்பதை எவரும் வீட்டிலிருந்தபடியே பார்த்துக் கொள்ளலாம். பெயர் அங்கே இல்லையென்றால் திரும்பி வந்துவிட வேண்டியதுதான்.

2020ஆம் ஆண்டு அக்டோபரில் கோலாலம்பூரில் ஓர் அழகு நிலையத்தில் உடற்கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் சிகிச்சைக்குப் போன இளம்பெண் உயிரிழந்தார். அது ஆஸ்பத்திரியல்ல. மலிவு என்பதற்காகப் போகும் இடத்தில் மூச்சு நின்றால் மீட்பதற்கு ஆளும் இல்லை, கருவியும் இல்லை.

டாக்டரைப் பார்க்கும்போது கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை சில உண்டு. இந்தச் சிகிச்சையை நீங்களே செய்வீர்களா? இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? என் தழும்பு எந்த வடிவில் இருக்கும்? மயக்க மருந்து கொடுப்பவர் அதற்கென்று படித்த டாக்டரா? ஏதேனும் கோளாறு நேர்ந்தால் மறுசிகிச்சைக்கு யார் பணம் கட்டுவது? அழகுக்காகச் செய்வதற்கு இன்ஷூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது என்பதும் நினைவிருக்கட்டும். "இன்றே கட்டினால் கழிவு" என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு காரணத்துக்காகவே அன்று கட்டாமல் எழுந்து வருவது புத்திசாலித்தனம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நிற்க. நான் ஆலிம் அல்லன். ஃபத்வாக் கொடுக்க வரவில்லை. ஆனால் அறிந்தோர் வாயிலாகக் கேட்டறிந்ததைச் சொல்கிறேன்.

அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதர்களைத் தூண்டுவேன் என்று ஷைத்தான் சபதமிட்டதைத் திருமறையின் நான்காம் அத்தியாயத்தில் காண்கிறோம். பச்சை குத்துவோரையும், அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக் கொள்வோரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். இவற்றைக் கேட்டுவிட்டு, உடலைத் திருத்தும் சிகிச்சை யாவும் ஹராம் என்று சிலர் அவசரத் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். அவர்கள் அர்ஃபஜா (ரலி) அவர்களின் வரலாற்றையும் நினைக்க வேண்டும். போரில் மூக்கை இழந்த அவர் வெள்ளியால் மூக்குச் செய்து வைத்துக் கொண்டார். அதில் துர்நாற்றம் ஏற்பட்டது. அப்போது பொன்னால் செய்து கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும், இழந்ததை ஈடு செய்வதற்கு வழி திறந்துவிட்டார்கள்.

ரண சிகிச்சைக் கலையை வளர்த்தவர்களும் நம் முன்னோர்களே. கார்டோபா நகரத்து அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி அவர்கள் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய முப்பது பாகங்கள் கொண்ட மருத்துவ நூலின் கடைசிப் பாகம் முழுவதும் ரண சிகிச்சை பற்றியது. ஆண்களுக்கு மார்பு பெண்களுடையதைப்போல் பருத்துவிட்டால் அதை அறுத்துச் சீராக்கும் முறைகூட அதில் இருக்கிறது. குறையைத் திருத்துவது பாவமென்று அவர்கள் கருதவில்லை.

நம் நாட்டிலேயே, புத்ராஜெயாவில் 2007ஆம் ஆண்டு ஜூலையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் மன்றம் இதைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. பிறவிக் குறையையும், விபத்தாலோ நோயாலோ தீயாலோ வந்த குறையையும் திருத்துவதும், உடலுக்கோ உள்ளத்துக்கோ தீங்கு செய்யும் அலங்கோலத்தை நீக்குவதும் நிபந்தனைகளோடு ஆகுமானவை. நோயும் குறையும் இன்றி, மனோ இச்சையாலும் பிறரைப் பார்த்து அவரைப்போல் ஆகும் ஆசையாலும் இயற்கை உருவத்தை மாற்றுவது ஆகாது என்பதே அதன் சாரம்.

இதன்படி சிலருடைய காரியம் எளிதில் தெளிவாகிவிடுகிறது. புற்றுநோய்க்காக ஒரு பக்கத்து மார்பகத்தை இழந்து, அதைத் திரும்ப அமைத்துக் கொள்பவர், மறு பக்கத்தையும் அதற்கு ஒப்ப நிமிர்த்திக் கொள்வது திருத்தமே. உடல் மிக இளைத்து, தொங்கும் தோலின் மடிப்பில் ஓயாத புண்ணும் அரிப்புமாகக் கஷ்டப்படுபவர் நோயாளியே. மறுபுறம், படத்தில் கண்ட நடிகையைப்போல ஆக வேண்டும் என்பவரின் நிலையும் தெளிவு. சங்கடமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் சாதாரணத் தாயைப் பற்றியதுதான். அவளுக்கு நோயில்லை, ஆனால் மனத்தில் வேதனை இருக்கிறது. அந்த வேதனை எவ்வளவு, எங்கிருந்து வந்தது என்பதை அறியாமல் எந்த ஆலிமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆலிமிடம் போகிறவர் பாதியை மறைக்காமல் முழு விவரத்தையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பிறர் பார்க்கக் கூடாத அங்கத்தை டாக்டருக்குக் காட்டுவதற்கு அனுமதி, அவசியம் இருப்பதனால் வந்தது. அவசியம் குறையக் குறைய அந்த அனுமதியும் குறுகும். இயன்றவரை பெண் டாக்டரைத் தேடுவதும், இல்லையேல் துணைக்கு ஒரு பெண் உடனிருக்கக் கேட்பதும் நம் உரிமை. கட்டு இருக்கும் நாட்களில் ஒளூ எப்படி, ஸுஜூது செய்ய இயலாதபோது தொழுகை எப்படி என்பதையும் முன்பே கேட்டு வைத்துக் கொள்ளலாம். மார்க்கம் இதிலெல்லாம் இலேசான வழி வைத்திருக்கிறது.

நம் கடை அலமாரி

பெண்களுக்கு உபதேசம் செய்யுமுன் நம் அலமாரியைச் சற்றுப் பார்ப்போம். "மார்பை நிமிர்த்தும் தைலம்", "முப்பது நாளில் இளமை" என்று எழுதிய புட்டிகளை நம்மிற் சிலர் விற்கிறோமா இல்லையா? நீட்சியடைந்த நார்களைத் தைலம் திரும்பச் சுருக்காது. தேகப்பயிற்சியும் பின்னாலிருக்கும் நெஞ்சுத் தசையை வலுப்படுத்துமேயன்றித் தளர்ந்த தோலைச் சுருக்காது. சரியான அளவுள்ள உள்ளாடை, அணிந்திருக்கும் வரையில் தாங்கும். கத்தியின்றி மெய்யாகவே உதவுவது இவ்வளவுதான். மலேசியாவில் அழகுப் பொருள்கள் 1984ஆம் ஆண்டின் மருந்து, அழகுப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்கீழ் அரசாங்கத்துக்கு அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும்; நோய் தீர்க்கும் மருந்தெனக் கூறி விற்க இடமில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, அதை மேலே தெரியும்படி வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியின் உம்மத்து நாம். புட்டியில் ஈரம் வெளியே தெரிவதில்லை என்பதால் நாம் தப்பித்துக் கொள்ள முடியுமா? தைலத்தை வாங்கி ஏமாந்தவள்தான் அடுத்தபடியாகக் கத்தியைத் தேடிப் போகிறாள்.

அந்த மௌனம்

இனி, ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக் கொண்டிருந்த என் தம்பியிடம் வருகிறேன். வெகு நேரம் கழித்து அவர் சொன்னார்: "ஒரு நாள் விளையாட்டாச் சொன்னேன், நானா. கைத்தொலைபேசியிலே ஒரு படத்தைப் பார்த்துட்டு, நீயும் ஒரு காலத்திலே இப்படித்தானே இருந்தேன்னு சொல்லிட்டேன். சிரிச்சுக்கிட்டுத்தான் போனா." சிரித்துக் கொண்டு போனவள் அன்று முதல் விளக்கை அணைத்துவிட்டே உடை மாற்றுகிறாள் என்பதும், பிள்ளைகளை அழைத்துக் கொண்டு கடற்கரைக்கும் வருவதில்லை என்பதும் அவருக்குப் பிறகுதான் தெரிந்திருக்கிறது.

சகோதரர்களே! நாம் நாளெல்லாம் பொருளை எடை போட்டு விலை சொல்கிறவர்கள். பழையது, புதியது, முதல் தரம், இரண்டாம் தரம் என்று பேசிப் பேசி நாக்கு பழகிவிட்டது. அந்த நாக்கை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நம் பிள்ளைகளைச் சுமந்ததனால் ஓர் உடல் மாறியிருக்கிறது. அது சேதப்பட்ட சரக்கல்ல. நம் தொந்தியையும் வழுக்கையையும் அவர்கள் ஒருபோதும் விலை பேசவில்லையே!

நான் தம்பியிடம் சொன்னது இதுதான்: "உன் சொல்லால் வந்த புண்ணுக்கு அவள் உடம்பில் தையல் போடாதே. முதலில் போய் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக் கொள். அதற்கு வெள்ளி செலவில்லை. பிறகும் அவளுக்கு அந்த ஆசை இருந்தால், அது அவளுடைய ஆசை. அப்போது நிபுணரிடமும் ஆலிமிடமும் நீயே கூட்டிப் போ. முடிவை அவள் எடுக்கட்டும்."

இருவரும் ஒரு பெண் நிபுணரைப் போய்ப் பார்த்தார்கள். தழும்பு எப்படி இருக்கும் என்று படம் காட்டி விளக்கிவிட்டு, அவசரமில்லை, யோசித்து வாருங்கள் என்று அந்த அம்மையார் சொல்லியனுப்பினாராம். ஓராண்டு கழித்து முடிவு சொல்வதாக அந்தப் பெண் கூறியிருக்கிறாள். அந்த ஓராண்டு இன்னும் முடியவில்லை. சென்ற மாதம் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

அவள் செய்து கொண்டாலும், செய்து கொள்ளாவிட்டாலும் அது அவளுக்கும் அவளைப் படைத்தவனுக்கும் இடையிலுள்ள விஷயம். செய்து கொண்டவர்களைப் பற்றித் திண்ணையில் பேசிச் சிரிப்பது புறமாகும். அதற்கு எந்த ஆலிமும் அனுமதி தரமாட்டார். நாம் செய்ய வேண்டியதோ வேறு. நம் சொல்லால் ஒரு பெண்ணும் கத்தியைத் தேடிப் போகாதபடி பார்த்துக் கொள்வோம். போக வேண்டிய அவசியம் வந்தவளைக் கண்ணைக் கட்டி அனுப்பாமல் இருப்போம்.

வல்ல அல்லாஹ் நம் நாவையும் நம் தராசையும் நேராக வைப்பானாக! ஆமீன்.